நொச்சி ஆவியில் இறங்காத நீர்

மழைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் கொடியில் துணி காய்கிறதோ இல்லையோ, அடுப்பில் நொச்சி இலை கொதிக்கும். என் வீட்டுக்காரர் செஞ்சி நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். தலையில் சும்மாடு, அதன்மேல் மூட்டை, மூட்டைமேல் மழை. நனைந்து வந்து படுத்தால் மறுநாள் மூக்கடைப்பு, தலைபாரம். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்பார். எங்கள் பக்கத்தில் இதை வியாதி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈரத்தலையோடு தூங்கினவருக்கும், காலையில் தலைக்குக் குளித்து சரியாகத் துவட்டாதவருக்கும் வருவது. நொச்சி இலையோடு மஞ்சள்தூளைக் கொதிக்கவைத்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தால் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் நாட்டு மருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை வாங்கி, உரைத்து, நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

அந்த வருஷமும் அப்படித்தான் ஆரம்பித்தது. கார்த்திகை அடைமழை. அவருக்கு விடியும்போதே தலைவலி. மற்ற வருஷம் போல மூக்கு ஒழுகவில்லை, தும்மலும் இல்லை. கண்ணைத் திறக்கும்போதே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். சில நாள் எழுந்த வேகத்தில் வாந்தி. குமட்டல் ஒன்றும் இருக்காது, பேசிக்கொண்டே இருப்பவர் திரும்பி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் பேசுவார்.

அதைப் பார்த்து எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போனது. ஆனால் என் கை கால் சில்லிடுவதற்கு எங்கள் வீட்டில் மரியாதை கிடையாது. நான் பயந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கும் பாடம் வருவதற்குள் நின்றுவிட்டேனோ என்னவோ, தோலுக்கு உள்ளே இருக்கிற எல்லாமே எனக்கு இருட்டு. மகள் சின்னவளாக இருந்தபோது புளியங்கொட்டையை விழுங்கிவிட்டாள் என்று தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். காஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் மண்டியில் சொல்லிச் சிரிப்பார்.

"உங்களுக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தலவலியோட வாந்தி வருதே."

"இன்னாமே நீ, தலையில நீர் கோத்துக்கினதுக்கு ஸ்கேனு! உன்னைய ஆஸ்பத்திரி வாசல்லயே குடி வச்சிடறேன் இரு. டீயும் வித்த மாதிரி ஆச்சு."

அவருக்கு ஒரே ஒரு அக்கா. எனக்கு நாத்தனார். சிங்கவரத்தில் கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டு இருக்கிறார். தம்பிக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டதும் வரப்பில் இருந்த நொச்சியை ஒடித்து ஒரு கட்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் வைக்கிற ஆவி போதாது என்பது அவருடைய கட்சி.

"நீ வெக்கறது ஆவியாடி? கொழந்தைக்குப் பால் சுட வெக்கிற மாதிரி வெக்கிற. கண்ணு எரியணும், மூக்கு எரியணும். அப்பதான் நீரு எறங்கும்."

அவர் வைத்த ஆவி உண்மையாகவே வேலை செய்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது. விடியலில் மண்டையைப் பிளக்கிற வலி, எழுந்து உட்கார்ந்து ஆவி பிடித்து முடித்து, முகத்தைத் துடைத்துவிட்டு நடமாடினால் குறைந்துவிடும். டீ குடிக்கும்போது ஆள் சரியாகிவிடுவார். "பாத்தியா?" என்பார் நாத்தனார் என்னைப் பார்த்து. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் விடியலில் அந்த வலி அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இறங்கின நீர் ராத்திரியோடு ராத்திரியாக எங்கேயிருந்து திரும்ப ஏறுகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடை மாறியது. வாசற்படியில் கால் இடறும். தரையில் பசை தடவி வைத்த மாதிரி பாதத்தை இழுத்து இழுத்து எடுத்து வைப்பார். லாரியில் மூட்டை ஏற்ற ஒரு சரிவுப் பலகை போட்டிருப்பார்கள். அந்தப் பலகையில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறவர் என்று பேர் எடுத்தவர், ஒருநாள் மூட்டையோடு சறுக்கினார். நல்லவேளை, மூட்டை ஒரு பக்கம் இவர் ஒரு பக்கம் விழுந்ததால் அடி படவில்லை. சாப்பாடு கொடுக்கப் போயிருந்த நான் தூக்குச்சட்டியோடு அங்கேயே நின்றேன். கூட வேலை செய்கிறவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"இன்னா மச்சான், காலையிலேயே ஊத்திக்கினியா? எங்களையும் ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம்ல."

"போடா. பலகை ஈரம்."

"பலகை ஈரமா, நீ ஈரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கல்யாணமான நாள் முதல் ஒரு சொட்டுக் குடித்ததில்லை அவர். பலகை காய்ந்துதான் கிடந்தது. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மின்விசிறி நின்றுபோய், என்னவென்று பாருங்கள் என்றேன். மேலே பார்க்க அவர் கண் ஏறவில்லை. மோவாயைத் தூக்கி, தலையை முழுசாகப் பின்னுக்குச் சாய்த்துத்தான் பார்த்தார். "கண்ண மட்டும் மேல தூக்குங்க" என்றேன். "தூக்கிக்கினுதானே இருக்கேன்" என்றார். கண்மணி இரண்டும் நடுவிலேயே நின்றிருந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போது அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒருத்தியையே என்னால தாங்க முடியல. இப்ப ரெண்டு பேரா வந்து நிக்கிறீங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். மகள் கூடச் சிரித்துவிட்டாள். நான் கேட்டேன்: "நெசமாவே ரெண்டா தெரியறனா?"

அவர் ஒரு கண்ணைக் கையால் மூடி என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாளாவே அப்டித்தான்" என்றார்.

கண்ணுக்கு என்றால் அவர் வருவார். தலைக்கு ஸ்கேன் என்றால்தான் வர மாட்டார். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி, விழுப்புரத்துக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் வீட்டுக்காரர் நெற்றியில் பத்து காய்ந்து, மழையில்லாத ஏரித் தரை மாதிரி வெடித்திருந்தது. டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்து, பிறகு விளக்கு அடித்துப் பார்த்தார். ஒரு கண்ணைப் பார்த்தார். இன்னொரு கண்ணைப் பார்த்தார். திரும்பவும் முதல் கண்ணைப் பார்த்தார். அதுவரை எங்கள் ஊர் மழை நிலவரம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். டாக்டர்கள் பேச்சை நிறுத்துவதைப் போலப் பயங்கரமானது எனக்கு உலகத்தில் எதுவும் இல்லை.

"கண்ணுல கோளாறு இல்லம்மா" என்றார் என்னிடம். "கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருந்தா இப்டி ஆகும். இதை இப்டியே விட்டா பார்வை போயிடும். இன்னைக்கே தலைக்கு ஸ்கேன் எடுங்க."

அவரே எழுதிக்கொடுத்தார். பக்கத்துத் தெருவிலேயே ஸ்கேன் எடுக்கிற இடம். உள்ளே அவரைப் படுக்கவைத்துவிட்டு என்னை வெளியே உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் மூளைப் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் அதற்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கேயிருந்த டாக்டர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, திரையைக் காட்டிச் சொன்னார்:

"மூளையில நீர் கோத்திருக்கு."

என் வீட்டுக்காரர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"நான் சொன்னன்ல! சொன்னன்ல உன்கிட்ட! நீர் கோத்துக்கினுதுன்னு நான் மொத நாளே சொன்னேன் சார். இவதான் டென்சன் பண்ணி, ஊரக் கூட்டி, இவ்ளோ தூரம் இட்டுக்கினு வந்தா."

டாக்டர் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார். பிறகு, "உடனே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆபரேஷன் பண்ணித்தான் நீரை வழி மாத்திவிடணும். தள்ளிப்போடாதீங்க" என்றார். அந்த இரண்டாவது பாதி அவர் காதில் ஏறவே இல்லை. ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த வார்த்தையைக் கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் கேட்கமாட்டான் போலிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது நான் புதுச்சேரி, ஆபரேஷன், புதுச்சேரி, ஆபரேஷன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தலையில நீர் கோத்துக்கினதுக்கு மண்டையில ஓட்ட போட்ற ஊரு இது ஒண்ணுதாண்டி" என்றார். "சொன்னா மண்டியில சிரிப்பாங்க."

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் காத்திருந்தார். ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். "நீர்தான் அக்கா" என்றார் இவர். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் பொய்ப் புகார் கொடுத்தவளைப் பார்ப்பது மாதிரி.

"இதுக்குத்தான் விழுப்புரமா? நான் கையப் புடிச்சே சொல்லியிருப்பேனே."

"அண்ணி, மூளையிலன்னு சொன்னாங்க. ஆபரேசன்னு சொன்னாங்க."

"மூள எங்கடி இருக்குது? தலையிலதானே? தலையில கோத்துக்கினா மூளையிலயும்தான் ஈரம் படும். நல்லா காட்டமா நாலு வேள ஆவி புடிச்சா உட்டு எறங்கிடும்."

அது தவறு என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. வாய்க்குத்தான் வார்த்தை இல்லை. படித்தவளாக இருந்தால் இரண்டு நீருக்கும் வித்தியாசம் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கண் டாக்டர் பேச்சை நிறுத்தியது மட்டும்தான். அதை எப்படி எடுத்துச் சொல்வது? மகளைவிட்டுப் பேசச் சொன்னேன். "நைனா, போலாம் நைனா" என்று அவள் அழுதாள். "தை பொறந்து சம்பா அறுப்பு மூட்டையெல்லாம் வந்து முடியட்டும், போலாம்" என்றார். புதுச்சேரி போக ஒரு பையில் துணி எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். போடும்போது கை தவறி, பை அவர் மேலேயே விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரை விட்டு நகரவில்லை. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். தூங்கினால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். "இன்னாடி, பொணத்துக்குக் காவலா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டார். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

மார்கழி ஆரம்பத்தில் ஒரு காலை. வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. நாத்தனார் பெரிய அலுமினியச் சட்டியில் நொச்சியைக் கொதிக்கவைத்து இறக்கி, அவர் முன்னால் வைத்து, போர்வையைப் போட்டு மூடினார். அன்றைக்கு அவரை எழுப்பி உட்காரவைப்பதே பாடாக இருந்தது. "ம்" என்பார், மறுபடியும் சாய்வார். போர்வைக்குள் போன கொஞ்ச நேரத்தில் வழக்கமாக ஒரு செருமல், ஒரு திட்டு, "போதும்கா" என்கிற கெஞ்சல் எல்லாம் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. போர்வை ஆடாமல் இருந்தது. ஓரத்தில் ஆவி மட்டும் கசிந்துகொண்டிருந்தது.

"அண்ணி, சத்தமே காணோம்" என்றேன்.

"புடிக்கட்டும் உடு. நல்லா உள்ள எறங்கட்டும்."

நான் போர்வையைப் பிடித்து இழுத்தேன். அவர் தலை சட்டிப்பக்கம் கவிழ்ந்து கிடந்தது. முகம் வெந்தது போலச் சிவந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கொதிக்கிற ஆவியில், வெந்நீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார். லுங்கி நனைந்து, தரையில் ஈரம் ஓடியிருந்தது. சட்டித் தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று நினைத்துத்தான் கை வைத்தேன். அது சட்டித் தண்ணீர் இல்லை.

நாத்தனார் அவர் கன்னத்தைத் தட்டினார். "டேய் தம்பி! டேய்! என்னைப் பார்றா!"

அவர் பாதிக் கண்ணைத் திறந்தார். "அக்கா… லாரி போயிடுச்சா?" என்றார். "இன்னும் மூட்ட இருக்குது…"

"எந்த லாரிடா? டேய், நான் யாரு?"

தலை மறுபடியும் தொங்கியது. நாத்தனார் அந்தத் தலையைத் தன் மார்போடு பிடித்துக்கொண்டு தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். நான் மட்டும் தனியாகப் பயந்துகொண்டிருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. பயமே இல்லாதவர் பயந்ததும் வீட்டில் பிடித்துக்கொள்ளத் தூண் இல்லாதது போல ஆகிவிட்டது.

"அடியே" என்றார் மெதுவாக. "இது நம்ம நீரு இல்லடி. இது வேற நீரு. வண்டியக் கூப்புடு."

ஆம்புலன்ஸ் திண்டிவனம் ரோட்டில் போகும்போது நான் அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எதற்கு என்று தெரியாது. தலையைத் தொடப் பயமாக இருந்தது. உள்ளே தண்ணீர் நிற்கிறது, அசைத்தால் தளும்பும் என்று தோன்றியது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாத்தனார் மேல்மலையனூர் அம்மனை வேண்டிக்கொண்டே வந்தார். "தம்பிய எழுப்பிக் குடு தாயி, உனக்கு மொட்ட போடறோம்" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

புதுச்சேரியில் எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். என் தங்கை வயது இருக்கும். விழுப்புரத்தில் எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் நெற்றியில் இருந்த பத்தைப் பஞ்சால் துடைத்தபடி, "இது என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். நாத்தனார் சொன்னார். "ஆவியும் பிடிச்சீங்களா?" என்றார். நாத்தனார் தலையை ஆட்டினார். நான் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

"நீங்க சொல்ற நீரு மூக்குப் பக்கத்து எலும்புப் பொந்துல சேர்ற சளி. அதுக்கு ஆவி பிடிக்கலாம். இது அது இல்ல" என்று ஆரம்பித்தார். மூளைக்கு உள்ளேயே தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊறுமாம். எனக்கும் ஊறுகிறதாம், டாக்டருக்கும் ஊறுகிறதாம். மூளை அந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதால்தான் அடிபடாமல் இருக்கிறதாம். ஊறின தண்ணீர் சின்னச் சின்ன வழியாக வெளியே வந்து, மூளையைச் சுற்றி ஓடி, ரத்தத்தோடு கலந்துவிட வேண்டும். வழி அடைத்துக்கொண்டால் ஊறுவது நிற்காது. உள்ளேயே தேங்கி, மூளையைச் சுற்றிலும் எலும்பை நோக்கித் தள்ளும்.

"எதனால டாக்டர் அடைச்சுக்குது? மூட்ட தூக்கினதாலயா?" என்றேன்.

"இல்லம்மா."

"மழையில நனைஞ்சதாலயா? நான் வாரா வாரம் எண்ணெ தேச்சு தலைக்கு ஊத்துவேன், அதனாலயா?"

"அதெல்லாம் மண்டை எலும்பத் தாண்டி உள்ள போகாதும்மா. சில பேருக்கு மூளைக்காய்ச்சல் வந்து போன பிறகு அடைக்கும். சில பேருக்கு அடிபட்டு உள்ள ரத்தம் கசிஞ்சா அடைக்கும். கட்டி இருந்தா அடைக்கும். இவருக்குக் கட்டி எதுவும் இல்ல. பொறக்கும்போதே அந்த வழி குறுகலா இருந்திருக்கு. இத்தனை வருஷம் எப்படியோ சமாளிச்சிருக்கு, இப்ப முடியல."

காலையில் மட்டும் ஏன் வலி அதிகம், ஆவி பிடித்ததும் ஏன் குறைந்தது என்றும் கேட்டேன். படுத்திருக்கும்போது தலைக்குள் அழுத்தம் கூடுமாம், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையுமாம். அவ்வளவுதான். நொச்சி இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்கும். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

சில பேருக்கு உள்ளேயே வேறொரு வழி திறந்துவிடுவார்களாம். இவருக்குக் குழாய் வைப்பதுதான் சரி என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். மண்டை ஓட்டில் சின்ன ஓட்டை போட்டு, தண்ணீர் தேங்கிய இடத்தில் மெல்லிய குழாயை விட்டு, காதுக்குப் பின்னால் ஒரு வால்வு வைத்து, தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாக, மார்பு வழியாக இறக்கி, வயிற்றில் விட்டுவிடுவார்கள். தண்ணீர் அங்கே போய் உடம்போடு சேர்ந்துவிடும்.

"வயித்துல உட்டா வயிறு ரொம்பிடாதாம்மா?" என்றார் நாத்தனார்.

"ரொம்பாது பெரியம்மா. வயிறு அதை உறிஞ்சிக்கும்."

"அப்ப மழக்காலத்துல?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அதே சந்தேகம் இருந்ததால் நான் சிரிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் தலையை மழித்தார்கள். ட்ராலியில் தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்த நாத்தனார் பதறிவிட்டார். "ஐயோ, அம்மனுக்கு வேண்டிக்கின முடிய இங்கேயே எறக்கிட்டாங்களே" என்றார். "திரும்பவும் மொளைக்கும் அண்ணி" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. முடி முளைக்க வேண்டுமானால் ஆள் இருக்க வேண்டும். கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் கண் விழித்தார். தலையில் கட்டு, வயிற்றில் ஒரு கட்டு. முதலில் கூரையைப் பார்த்தார். மோவாயைத் தூக்காமல், கண்ணை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா, அழுவறது ஒருத்திதானே?" என்றேன்.

"ஒருத்திதான்" என்றார். "அதுவே போதும்."

அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். குழாய் அடைத்துக்கொள்ளலாம், கிருமி சேரலாம். தலைவலி, வாந்தி, காய்ச்சல், எழுப்பினால் எழாத தூக்கம், வெட்டின இடத்தில் சிவப்பு, வீக்கம் என்று எது வந்தாலும் உடனே கொண்டுவர வேண்டும். தலையில் மூட்டை வைக்கக் கூடாது. "மத்ததுக்கெல்லாம் பயப்படாதீங்கம்மா" என்றார்.

"மத்ததுன்னா எது எதுன்னு சொல்லிடுங்க டாக்டர்" என்றேன்.

எங்கள் வீட்டில் என் பயத்துக்கு மரியாதை வந்தது அப்போதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் நான் பயந்தால் அவர் சிரிப்பார், பாதி பயம் அதிலேயே போய்விடும். இப்போது நான் முகம் மாறினால் அவரும் காதுக்குப் பின்னால் கை வைத்துப் பார்க்கிறார். அங்கே தோலுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை அளவு மேடு. அதிலிருந்து கழுத்தில் ஒரு நரம்பு மாதிரி குழாய் இறங்குகிறது. அவர் தும்மினால் நான் அடுப்படியிலிருந்து ஓடி வருகிறேன். மத்தியானம் கொஞ்சம் அதிகம் தூங்கினால் எழுப்பி, நான் யார் என்று கேட்கிறேன். "என்னைப் புடிச்ச சனி" என்று சொன்னால் நிம்மதியாகப் போய் வேலையைப் பார்க்கிறேன். மண்டியில் இப்போது அவர் மூட்டை தூக்குவதில்லை. கோணி ஊசியும் சணல் நூலும் வைத்துக்கொண்டு மூட்டை வாய் தைக்கிறார். பலகையில் ஏறுகிறவர்களைப் பார்த்து, "மச்சான், பலகை ஈரமாடா?" என்று கேட்பதாகக் கேள்வி.

முடி வளர்ந்ததும் நாத்தனார் மேல்மலையனூர் பேச்சை எடுத்தார். அம்மனுக்குச் சொன்ன சொல் நிற்கிறது. எனக்கு அந்தக் கத்திதான் பயம். வால்வு மேல் இருப்பது மெல்லிய தோல். கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டால்? புதுச்சேரிக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். மொட்டை போடலாம், அந்த மேட்டின் மேலும் குழாய் மேலும் கத்தி படக் கூடாது, கீறல் விழுந்தால் கிருமி உள்ளே போய்விடும் என்றார். நாத்தனாரிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கோயிலில் மொட்டை போடுகிறவர் முன்னால் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரைக்கும் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"கைய எடும்மா" என்றார் மொட்டை போடுகிறவர்.

"எடுக்க மாட்டேன். என் கைய சுத்திப் போடுங்க."

"இன்னாம்மா இருக்குது அதுல?"

"தண்ணிக் குழாய்ப்பா" என்றார் என் வீட்டுக்காரர் குனிந்தபடியே. "அறுத்துட்டியானா ஊர்ல தண்ணி வராது."

மொட்டை போடுகிறவர் என்னையும் நாத்தனாரையும் பார்த்தார். பிறகு கத்தியை இன்னொரு தடவை கழுவிக்கொண்டு, என் விரல்களின் ஓரமாக, ஒவ்வொரு விரலாக, சுற்றிக்கொண்டு போனார். என் கை முழுக்க வியர்த்திருந்தது. முடிந்து கையை எடுத்தபோது, மழித்த தலையில் என் உள்ளங்கை அளவுக்கு முடி அப்படியே நின்றது.

"கொறையா நிக்குதே" என்றார் மொட்டை போட்டவர்.

"நிக்கட்டும்" என்றார் நாத்தனார். "அம்மனுக்குத் தெரியும்."

குளிக்கிற இடத்தில் அவர் தலையில் நானே தண்ணீர் ஊற்றினேன். மார்கழி போய்த் தையும் போயிருந்தாலும் காற்றில் சில்லிப்பு இருந்தது. தண்ணீர் அந்த முடித்திட்டில் நின்று, காதோரமாக, குழாய் இறங்குகிற வழியிலேயே இறங்கியது. நாத்தனார் துண்டைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சீக்கிரம் தொவட்டுடி, ஈரத்தோட நிக்க உடாத, அப்றம் தலையில நீ—"

அங்கேயே நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி நின்றது. துண்டு பாதி விரிந்து கையில் தொங்கியது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லிடுக்கா" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. "வார்த்தையில இன்னா இருக்குது?"

நாத்தனார் சொல்லவில்லை. துண்டை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் முதலில் மழித்த பக்கத்தைத் துவட்டினேன். பிறகு கழுத்தை. அந்த மேட்டுக்கு வந்ததும் அழுத்தாமல், துண்டை அதன்மேல் சும்மா வைத்து, ஈரத்தை அதுவாக இழுத்துக்கொள்ள விட்டேன். துண்டுக்கு அடியில் அது என் விரலுக்குத் தட்டுப்பட்டது. அவர் பொறுமையாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.